ஓடி வருகிறவர்களின் படகு

ஒரு காலைப் படகின் விளிம்பிலும் இன்னொரு காலைத் துறையின் பலகையிலும் ஊன்றி ஒரு பெண்மணி நின்றால் அந்தப் படகு புறப்பட முடியாது. எந்திரத்துக்கு எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும் சரி. குதிரைகளுக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா?

அப்படி நின்றவர் ஒரு மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் சொல்வோம். தீவிலிருந்த சின்ன அரசாங்கக் கிளினிக்கில் அவருக்கு வேலை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஒரே படகில் போய் வந்தும் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்த மீன் வியாபாரிகள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதை நியாயமான மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

முகக்கவசக் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, போர்ட் கிள்ளானுக்கு எதிரே இருக்கிற ஒரு தீவின் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்தது. நாற்பதைத் தாண்டியவனுக்குத் தீவில் வேலை என்றதும், என்ன குற்றம் செய்தாய் என்று நண்பர்கள் அக்கறையாக விசாரித்தார்கள். வீடு பிரிக்பீல்ட்ஸில். கொமுட்டர் ரயிலில் ஏறி, கடைசி நிலையம் வரை தூங்கி, இறங்கி, சாலையைக் கடந்து, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை வாசலில் ரொட்டி வாசனையை மட்டும் சாப்பிட்டுவிட்டு நடந்தால் படகுத்துறை. நிலையமும் துறையும் ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகளைப்போல ஒன்றுக்கு மற்றதைப் பற்றி எதுவும் தெரியாது. ரயில் தாமதமாக வரும். படகு சரியான நேரத்துக்குக் கிளம்பும். நடுவில் கிடந்து அல்லாடுகிறவர்கள் பிரயாணிகள்.

அக்கா கிள்ளானில் குடியிருந்தார். கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஆகவே அக்கா எப்போதும் சீக்கிரம் வந்துவிடுவார். சீக்கிரம் வருகிறவர்கள் பொதுவாக ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, தாமதமாக வருகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்வார்கள். அக்கா உட்காரவே மாட்டார். வாசலில் நின்றுகொண்டு ரயில் நிலையத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் நான் ரயிலிலிருந்து இறங்கியபோது படகு புறப்படும் நேரம் ஆகியிருந்தது. தூரத்தில் வெள்ளைச் சீருடையில் ஒருவர் படகை இரண்டாகப் பிளக்கப் போகிறவர்போல நிற்பது தெரிந்தது. நமக்காகத்தான் நிற்கிறார்கள் என்று புரிந்தது. புதுச் சப்பாத்து, கையில் குடை, முதல் நாள் உத்தியோகம். ஓடினால் நன்றாக இருக்காது என்று கம்பீரமாக நடந்தேன். துறையிலிருந்து மிதவைக்கு இறங்கும் சாய்வுப் பாலத்தின் தலைப்பை எட்டும்போது அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். படகு போய்விட்டது.

மறுநாள் நியாயம் கேட்பதற்கென்றே முந்திய ரயிலில் வந்தேன்.

"நேத்து என்னைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன் தம்பி. நடந்தீங்க."

"வந்துகிட்டுதானே இருந்தேன்?"

"நடந்துல்ல வந்தீங்க? நடக்கறவங்களுக்கு அடுத்த படகு இருக்கு லா. இது ஓடி வர்றவங்களுக்கு."

அவ்வளவுதான் சட்டம். அதற்கு உட்பிரிவு, மேல்முறையீடு எதுவும் கிடையாது. விலக்கு மட்டும் உண்டு. வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைக்காரிகள் ஓட வேண்டியதில்லை. அவர்களுக்காக உடம்பு நன்றாக இருக்கிற ஒருவன் ஓட வேண்டும். அந்த ஒருவன் யார் என்பதை அக்கா தீர்மானிப்பார். சீனப் புத்தாண்டு நெருங்கிய ஒரு காலையில், ஆரஞ்சுப் பழப்பெட்டிகளோடு ஒரு சீனத் தாத்தா பாலத்தின் மேலே திணறிக்கொண்டிருந்தார். நான் உள்ளே குளிர்சாதனக் காற்றுக்கு நேரே வசதியாக அமர்ந்து, செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தப் பேப்பர் எங்கயும் போயிடாது. எறங்குங்க."

இறங்கினேன். இரண்டு பெட்டிகளையும் நான் சுமந்தேன். தாத்தா என் குடையைச் சுமந்து வந்தார்.

என் ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை ஓட்டம் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம். கைகள் நிஜமாகவே ஓடும். வயிறு சற்றுப் பின்னால், தன் சொந்த முடிவின்படி வரும். கால்கள் இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் சமரசம் பேசிக்கொண்டிருக்கும். மாமாக் கடையில் ரொட்டி வீசுகிறவர் என்னைக் கண்டால் மாவை அந்தரத்தில் விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஆனால் அக்கா அதை ஓட்டமாக ஏற்றுக்கொண்டார். "உங்க அளவுக்கு அது ஓட்டந்தான் தம்பி" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த நற்சான்றிதழ்களில் இதை நான் உயர்வாகவே வைத்திருக்கிறேன்.

படகோட்டி ஒரு சீன இளைஞன். ஒவ்வொரு காலையும் "அக்கா, செப்பாட் லா!" என்று விரட்டுவான். அக்கா திரும்பிப் பாராமலே "செக்கெஜாப்!" என்பார். மலாய் மொழியில் அதற்கு ஒரு நொடி பொறு என்று பொருள். அக்காவின் நொடி வேறு கடிகாரத்தைச் சேர்ந்தது. பையன் கோபமாகக் கத்துவானே தவிர, அவர் கால் பலகையில் இருக்கிறவரை எந்திரத்தின் பிடியைத் தொட மாட்டான். சிறுவயதில் அவனுக்கு ஊசி போட்டவரே அக்காதான் என்று பிறகு தெரிந்தது.

அக்கா நினைத்ததெல்லாம் சரியாக இருந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். எந்த ஊதல் கேட்டாலும் "ரயிலு வந்துருச்சு" என்று அறிவிப்பார். பார்த்தால் அது கொள்கலன் லோரியாக இருக்கும். ஒரு நாள் ரயில் நிலையத்துப் பக்கமிருந்து ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். அக்கா காலை ஊன்றினார். படகோட்டி கத்தினான். உள்ளே இருந்த எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். ஓடி வந்தவர் துறை வாசலில் இருந்த கொடிக்கம்பத்தைத் தொட்டார், திரும்பினார், அதே வேகத்தில் வந்த வழியே ஓடிப் போனார். அரைக்கால் சட்டை, கையில் தண்ணீர்ப் புட்டி. அவர் தேகப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

படகே சிரித்தது. அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"ஓடி வந்தாரு. மனசு மாறிப் போயிட்டாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவருடைய தன்னம்பிக்கையில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் நான் ஓர் அமைச்சராகவோ, குறைந்தபட்சம் கோயில் நிர்வாகத்திலோ இருந்திருப்பேன். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் டெங்கிலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. டெங்கிலில் கடல் இல்லை, பேருந்து இருக்கிறது. அந்தப் பேருந்து ஓட்டுநர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ ஒரு பழைய துயரம் இருக்கும், யாரையோ எங்கேயோ விட்டுவிட்டுப் போன கதை வரும் என்று எதிர்பார்த்தேன். நிறையப் படிப்பதால் வருகிற கெட்ட பழக்கம் இது. அக்கா என்னைத் திருப்பிக் கேட்டார்.

"நீங்க கடைசி ஆளா ஓடி வந்து ஏறுனீங்களே, அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். மூச்சு வாங்கியது, சட்டை நனைந்திருந்தது, எல்லோரும் முறைத்தார்கள். ஆனாலும் இத்தனை பெரிய துறைமுகத்தில், இத்தனை பாரந்தூக்கிகளுக்கும் கப்பல்களுக்கும் நடுவில், நான் வருவேன் என்று ஓர் ஆள் நின்றது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அதான்" என்றார் அக்கா.

அந்தப் படகில் ஓட்டத்தில் கெட்டிக்காரி ரவாங் டீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்த தற்காலிக ஆசிரியை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ரவாங்கில் தாயோடு இருந்தாள். இருட்டில் கிளம்பி, கோலாலம்பூரில் ரயில் மாறி, நகரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடந்து, கடலையும் கடந்து வந்து பாடம் நடத்துவாள். ரயிலில் தூங்குவாள், படகில் தூங்குவாள், நடுவில் ஓடுவாள். தீவில் வாடகைக்கு அறை எடுக்கலாமே என்று கேட்டால், அம்மாவுக்கு டயாலிசிஸ், இரவில் ஆள் வேண்டும் என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள், தூங்கிவிடுவாள்.

ஒப்பந்தம் முடிகிற சமயம் வந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அவளுடைய முதல் பாடவேளையைப் பார்ப்பார், அவர் எழுதுவதை வைத்துத்தான் நிரந்தரமா வீடா என்பது முடிவாகும் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியர் அவளை என் மேசைக்கு முன்னால் நிற்கவைத்தே சொன்னார்: "அன்றைக்கு நீ வகுப்பில் இல்லாமல் அவர் மட்டும் வந்து நின்றால், என்னால் ஒன்றும் செய்ய முடியாது." கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

சோதனையாக, அதே வாரத்தில் படகுத்துறைக்குப் புதிதாக ஒரு மலாய் இளைஞன் பொறுப்பாளனாக வந்தான். மடிப்புக் கலையாத சீருடை. வந்த நாளே அக்காவின் கால்களைப் பார்த்துவிட்டு அதிர்ந்து போனான். ஆபத்து, யாராவது தண்ணீரில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். அது நியாயமான கேள்வி என்பதுதான் எரிச்சல். பலகையில் மஞ்சள் கோடு போட்டான். கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. பாலத்தின் தலைப்பில் டிக்கெட்டைக் கிழிப்பார்கள். கிழித்த டிக்கெட்டுக்காரர்கள் எல்லோரும் ஏறியதும் கயிற்றை அவிழ்க்க வேண்டும், அதற்குமேல் ஒரு கணமும் நிற்கக்கூடாது. அக்கா இரண்டு நாள் சமர்த்தாக உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளும் ரவாங் டீச்சர் படகைத் தவறவிட்டாள்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. அவருக்குத் தேநீரோடு தின்னக் கறிபாப் பலகாரம் வாங்கி வைக்கும் மகத்தான பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்ததால் நான் முந்திய ரயிலிலேயே வந்து, மடியில் கறிபாப் பொட்டலத்தோடு படகின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்காவுக்குப் போட்ட இடம் காலி. ரவாங் டீச்சர் வரும் ரயில் இன்னும் வரவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். கடல் வற்றியிருந்த நேரம். மிதவை கீழே இறங்கிப்போய், பாலம் செங்குத்தாகச் சரிந்து நின்றது.

அந்தப் பாலத்தின் தலைப்பில் அக்கா டிக்கெட்டைக் கிழிக்கக் கொடுத்தார். பிறகு கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை எடுத்து வைத்தார். நின்றார். முட்டியைத் தடவினார். இன்னொரு காலை எடுத்து வைத்தார்.

"மக்சிக், செப்பாட்!" என்றான் பொறுப்பாளன் கீழேயிருந்து, சீக்கிரம் வாங்கம்மா என்று மலாயில்.

"சாக்கிட்" என்றார் அக்கா, வலிக்கிறதாம்.

முந்தின நாள்வரை கிளினிக்கில் மருந்துப் பெட்டிகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். டிக்கெட் கிழிக்கப்பட்ட ஒருவர் பாலத்தில் இருக்கிறார், ஏறவில்லை. கயிற்றை அவிழ்க்க முடியாது. பொறுப்பாளன் தலையில் கை வைத்தான். ஆனால் நல்ல வீட்டுப் பிள்ளை. மேலே ஏறிப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அக்கா அவன்மேல் முழுப்பாரத்தையும் சாய்த்து, தன் முட்டியின் வரலாற்றை முதல் பிரசவத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இப்போது கயிற்றை அவிழ்க்க வேண்டியவனும் பாலத்தில் மாட்டிக்கொண்டான்.

ஓர் ஊதல் கேட்டது. அது ரயில்தான்.

சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அவள் ஓடி வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பை ஒருபக்கம், துப்பட்டா ஒருபக்கம். மாமாக் கடைக்காரர் கைதட்டினார். பாலத்தில் தடதடவென்று இறங்கியவள் அக்காவைக் கண்டதும் நின்று, "சாரிக்கா..." என்று தொடங்கினாள்.

"பேசாத. ஏறு!"

அவள் ஏறிய பிறகு அக்கா ஒருமுறை திரும்பி மேலே பார்த்தார். அதே ரயிலில் வந்த ஒரு மனிதர் துறை வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். டை கட்டி, தோல் பை பிடித்து, கைப்பேசியைப் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தார். அக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தக் கணத்தில் முட்டி குணமாகிவிட்டது. விறுவிறுவென்று இறங்கி, மஞ்சள் கோட்டை ஒழுங்காகத் தாண்டி, உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கயிறு அவிழ்ந்தது. அந்த மனிதர் தோல் பையைத் தூக்கி ஆட்டுவது கொஞ்ச நேரம் தெரிந்தது.

"அக்கா, இன்னொருத்தர் வந்துகிட்டிருந்தாரு."

"பாத்தேன்."

"டை கட்டியிருந்தாரு."

"டை கழுத்துலதான தம்பி கட்டுறாங்க. கால்லயா கட்டியிருந்தாரு?"

எனக்கு மடியிலிருந்த கறிபாப் திடீரென்று கனத்தது. இந்தத் தீவுக்கு டை கட்டிக்கொண்டு எவர் வருவார்? டீச்சர் காதில் விழாமல், "அக்கா, அந்த ஆபீசரா இருக்கப்போறாரு" என்றேன்.

"இருந்தா இருக்கட்டும். அடுத்த படகுல வருவாரு. அதுக்குள்ள புள்ள வகுப்புல இருக்கும்."

முன்பே தெரிந்து செய்தாரா, அப்போதுதான் யோசித்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்தான். அடுத்த படகில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார், ஒரு தமிழர். முதல் பாடவேளை முடிந்து, இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் டீச்சரோடு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். தாமதத்துக்கு அதிகாரிதான் மன்னிப்புக் கேட்டார். வகுப்பின் பின்வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து பார்த்தார், ஏதோ எழுதினார், கறிபாப் சாப்பிட்டார். எழுதியதைத் தோல் பைக்குள் வைத்துப் பூட்டினார். டீச்சர் நாள் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாடிப்போனாள்.

மாலைப் படகில் அவர் அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். டீச்சர் ஓரத்தில் ஜன்னலில் தலை சாய்த்து, படகு கிளம்புவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். நான் வேறு திசையில் பார்க்க முயன்றேன். எல்லாத் திசையிலும் கடல்தான் இருந்தது.

"காலையில ஒரு படகு என்னைப் பாத்துகிட்டே போயிடுச்சுங்க" என்றார் அதிகாரி, பொதுவாக. "மிஸ்ஸி உடுப்புல ஓர் அம்மா திரும்பிக்கூடப் பாத்தாங்க. பாத்துட்டு ஏறிட்டாங்க."

இந்த உலகத்தில் எத்தனையோ மிஸ்ஸிகள், எத்தனையோ உடுப்புகள். ஒரு சின்னப் பொய்யில் எல்லாம் கடந்து போய்விடும். ஒரு பெண்ணின் வேலை அந்தத் தோல் பைக்குள் இருக்கிறது. நான் அக்காவின் முழங்கையை மெல்ல இடித்தேன்.

"நான்தான் சார் அது" என்றார் அக்கா. "நீங்க நடந்து வந்தீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நடந்தா?"

"ஓடியிருந்தா நிறுத்தியிருப்பேன். இதோ, இந்தப் புள்ள அதே ரயில்லதான் வந்துச்சு. ஓடுச்சு. ஏறிச்சு. இந்தத் தம்பியே ஓடுறாரு சார், பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஓடக்கூடியவன் என்பதை நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"காலையில ரயில்ல என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க" என்றார் கடைசியில். "சுபாங் தாண்டுறவரைக்கும் என் தோள்லயே சாஞ்சு தூங்குனாங்க. யாருன்னு தெரியாது. எழுப்ப மனசு வரல. வகுப்புல பாத்ததும்தான் தெரிஞ்சுச்சு. அவங்களுக்கு என்னைத் தெரியல."

"தெரோக்கா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும் சார். வீட்ல அம்மாவுக்கு முடியல."

"ம்." அவர் பையின் பூட்டைத் தடவினார். "எப்பவும் லேட்டுன்னு உங்க ஹெட்மாஸ்டர் சொன்னாரு. நானே லேட்டா வந்துட்டு அதை எப்படிங்க எழுதுறது? பாடம் நல்லா நடத்துறாங்க. நல்லாத்தான் எழுதியிருக்கேன். நிரந்தரம் ஆயிடும். நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

சொல்லிடாதீங்க என்று சொல்லி முடிப்பதற்குள் நான் டீச்சரின் தோளைத் தொடக் கையை நீட்டிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிற பிடி.

"எழுப்பாதீங்க தம்பி. கரைக்குப் போய்ச் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் தூங்கட்டும்."